தோட்டத்துல நாமளே எதையாவது கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சீசன் கயிறும் குச்சியும் வச்சுப் பாருங்க

செடி வளர்க்குறவங்க கிட்ட "பாத்திக்கு நீங்களே ஒரு பலகைச் சட்டம் அடிச்சிடலாமே"ன்னு சொல்லிப் பாருங்க, சில பேருக்கு உடனே கண்ணு விரியும், சில பேரு "எனக்கு மண்ணுல கை வைக்கத்தான் தெரியும், ரம்பம் ட்ரில்லு எல்லாம் நமக்கு ஆகாது"ன்னு ஒதுங்கிடுவாங்க. நிறைய பேருக்கு ரெண்டு மனசும் ஒண்ணாவே இருக்கும், எனக்கும் அப்படித்தான். நாமளே நட்ட கம்பத்துல நாம போட்ட விதை கொடியா ஏறிப் படர்றதப் பாக்குறது பெரிய சந்தோஷம். ஆனா அந்தப் பந்தலுக்காக நான் மூணு வாரம் அளந்து அறுத்து துளை போட்டுக்கிட்டு இருந்தப்போ ட்ரேல இருந்த தக்காளி நாத்தெல்லாம் வேர் சுத்திக்கிட்டு தண்டு நீண்டு வெளிறிப் போச்சு, அப்புறம் எடுத்து நட்டும் தேறல. அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அதுல இருந்து நான் வச்சிருக்கிற முறையத்தான் இங்க எழுதுறேன்.

முதல் விஷயம், நாத்து கையில இருக்கிற நேரத்துல கட்டுற வேலைய ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. அறுவடை முடிஞ்சு அடுத்த விதைப்புக்கு முன்னாடி ஒரு இடைவெளி வரும்ல, அதுதான் இதுக்கான நேரம். ஒரு நாள் வேலைன்னு நினைச்சது மூணு நாள் இழுக்கும், அந்த மூணு நாளும் எந்தச் செடியும் உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ரெண்டாவது, செடி உண்மையிலேயே கேக்குதான்னு பாருங்க. போட்டோல அழகா இருக்குன்னு மேட்டுப்பாத்தி, அதாவது சுத்தி சட்டம் வச்சு தரைக்கு மேல மண்ண உயர்த்திப் போடுற பாத்தி, கட்டுறவங்க நிறைய. தண்ணி தேங்குற மண்ணு, ரொம்ப இறுகின களிமண், குனிய முடியாத முதுகு, இதுக்கெல்லாம் மேட்டுப்பாத்தி நல்லது. ஆனா மணல் பாங்கான மண்ணும் கொளுத்துற வெயிலும் உள்ள இடத்துல மேட்டுப்பாத்தி சீக்கிரம் காஞ்சு போகும், அங்க தரைமட்டத்துக்குக் கீழ கொஞ்சம் குழிச்ச பாத்திதான் ஈரத்தப் பிடிச்சு வைக்கும், அதுக்கு மண்வெட்டி மட்டும் போதும், ஒரு ஆணி கூட வேண்டாம். கட்டாம விடுறதும் ஒரு நல்ல முடிவுதான், அதுக்காக யாரும் சங்கடப்பட வேண்டியதில்ல.

சரி, தேவைன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா நேரா மரம் வாங்கப் போகாதீங்க, ஒரு சீசன் தற்காலிகமா வச்சுப் பாருங்க. பாத்தி வர்ற இடத்த நாலு குச்சி நட்டு கயிறு கட்டிக் குறிங்க. காலைல, மதியம், சாயங்காலம்னு மூணு நேரமும் நிழல் எங்க விழுதுன்னு பாருங்க. தண்ணி வாளிய தூக்கிக்கிட்டு அந்தக் கயித்தச் சுத்தி நடந்து பாருங்க, கால் தடுக்குற இடம் அப்பவே தெரிஞ்சிடும். செங்கல் இருந்தா சிமெண்ட் இல்லாம சும்மா அடுக்கி மண்ண நிரப்பி ஒரு தடவ விளைய வைங்க. இடம் தப்புன்னு தெரிஞ்சா கல்ல எடுத்து வேற பக்கம் அடுக்கிக்கலாம், சிமெண்ட் வச்சுப் பூசிட்டா கடப்பாரைதான் வேணும். நான் பாத்த வரைக்கும் "ஏண்டா கட்டுனோம்"னு வருத்தப்படுறவங்கள்ல முக்கால்வாசி பேரு வேலைத்தரத்த நினைச்சு வருத்தப்படல, இடத்த நினைச்சுத்தான் வருத்தப்படுறாங்க.

இப்ப மேட்டுப்பாத்திக்கு வருவோம், அதிகமா செய்றதும் அதிகமா சொதப்புறதும் இதுலதான். அகலம் 4 அடிக்கு மேல போகக் கூடாது, ரெண்டு பக்கமும் நின்னு கைய நீட்டுனா நடு வரைக்கும் எட்டணும், உள்ள கால் வச்சு மண்ண மிதிச்சா பாத்தி போட்டதே வீண். ஒரு பக்கம் சுவரா இருந்தா 2 அடி போதும். கீரை மாதிரி வகைகளுக்கு 1 அடி ஆழம் சரியா இருக்கும், தக்காளி, கிழங்கு வகைகளுக்கு ஒன்றரை அடி இருந்தா நல்லது. 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம்னு போட்டீங்கன்னா உள்ள 32 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 900 லிட்டர் மண் கலவை வேணும், நனைஞ்சா அது ஒரு டன்னுக்கு மேல எடை வரும். இந்தக் கணக்க பலகை வாங்குறதுக்கு முன்னாடியே போட்டுப் பாருங்க, ஏன்னா சட்டம் அடிக்கிறது அரை நாள் வேலை, மண்ண சுமந்து நிரப்புறதுதான் உண்மையான வேலை. மொட்டை மாடில இதையே செய்றதா இருந்தா கட்டட இஞ்சினியர் ஒருத்தரக் கூப்பிட்டு தளம் தாங்குமான்னு கேக்காம ஒரு கூடை மண்ணு கூட மேல ஏத்தாதீங்க, இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்.

அந்த எடை பலகைய வெளிய தள்ளும். 1 இன்ச் தடிமன் பலகைய 8 அடிக்கு அப்படியே விட்டா நடுவுல வயிறு தள்ளிடும், அதனால 4 அடிக்கு ஒரு முளைக்குச்சி வெளிப்பக்கமா ஆழமா அடிங்க, இல்லன்னா ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க குறுக்க ஒரு சட்டம் போடுங்க. மூலை எல்லாம் நேரா இருக்கான்னு பாக்க மூலைமட்டம் இல்லன்னாலும் பரவாயில்ல, ஒரு மூலைல இருந்து ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து குறிச்சு அந்த ரெண்டு குறிக்கும் நடுவுல சரியா 5 அடி வந்தா மூலை நேர்தான். ஆணிய விட ஸ்க்ரூ நல்லது, மரம் நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு அசையும்போது ஆணி மெல்ல வெளிய வந்துடும். பலகை ஓரத்துல ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு துளை போட்டுக்குங்க, இல்லன்னா பிளந்துக்கும். துத்தநாகப் பூச்சு உள்ளது இல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவா பாத்து வாங்குங்க, சாதா இரும்பு ஈர மண்ணுல சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அடியில ஜல்லி கொட்டுனா தண்ணி நல்லா வடியும்னு நிறைய பேரு சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன். உண்மை என்னன்னா நைசான மண்ணுல இருந்து பெரிய பெரிய சந்து உள்ள ஜல்லிக்குள்ள தண்ணி லேசுல இறங்காது, மேல மண்ணு முழுசா ஊறுன பிறகுதான் கீழ போகும், அதனால வேர் இருக்கிற மட்டத்துலயே ஈரம் தேங்கும். அடிய திறந்து விட்டுடுங்க, புல்லு வராம இருக்க அட்டைப்பெட்டிய பிரிச்சுப் போட்டு மேல மண்ண நிரப்புங்க, அட்டை தானா மக்கிடும். முதல் வருஷத்துலயே மண்ணு மட்டம் இறங்கும், பயப்படாதீங்க, கலவைல இருக்கிற உரமும் இலை தழையும் மக்கி அடங்குது, வருஷா வருஷம் மேல தொழுவுரம் போட்டா சரியாயிடும்.

மரத்தப் பத்தி ஒண்ணு. பழைய மரத்த திரும்பப் பயன்படுத்துறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஆனா எல்லா பழைய மரமும் காய்கறி பக்கத்துல வைக்கக் கூடியது இல்ல. வெளிநாட்டு சரக்கு அடுக்கி வந்த மரத் தட்டுல (பேலட்) கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும், அதுல HT-ன்னு இருந்தா சூடு பண்ணி பூச்சி கொன்ன மரம், உள் மரம் 56 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம் இருந்திருக்கும், அது பரவாயில்ல. MB-ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கிற நச்சு வாயுப் புகை போட்டது, அத விட்டுடுங்க. முத்திரை சரியா இருந்தாலும் மேல எண்ணெய் கறையோ ரசாயன வாடையோ வந்தா வேண்டாம். பழைய ரயில்வே கட்டைல கிரியோசோட், அதாவது மரம் அழுகாம இருக்க ஏத்துற தார் மாதிரி நச்சு எண்ணெய், ஊறியிருக்கும், அதுவும் வேண்டாம். ரொம்பப் பழைய பெயிண்ட் அடிச்ச கதவு ஜன்னல்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அத தேய்க்கவும் கூடாது, தூசி ஆபத்து.

பந்தல் போடுறவங்களுக்கு: வெறும் பந்தல் தாங்குதான்னு பாத்து ஏமாறாதீங்க, மழைல நனைஞ்ச கொடியும் தொங்குற காயும் காத்தும் சேர்ந்து இழுக்குறப்பதான் அதோட பலம் தெரியும். தரைக்கு மேல 6 அடின்னா உள்ள 2 அடியாவது புதைங்க. தூக்குக்குண்டு விட்டு கம்பம் நேரா நிக்குதான்னு பாத்துட்டு மூலைக்கு மூலை சாய்வா ஒரு முட்டுக் கொடுங்க, அந்த முக்கோணம்தான் ஆடாம பிடிக்கும். கம்பத்தச் சுத்தி கான்கிரீட் போட்டா மேல்பக்கம் வெளிய சரிவா பூசுங்க, குழியா விட்டா தண்ணி நின்னு அடி அழுகும். உங்க கை எட்டுற உயரத்துக்கு மேல போடாதீங்க, ஸ்டூல் தூக்கிக்கிட்டுப் போய் காய் பறிக்கிற பந்தல்ல பாதி காய் முத்திப் போய்த்தான் இறங்கும். குழி தோண்டுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் குழாய், கரண்ட் ஒயர் போகுதான்னு விசாரிச்சுக்குங்க, பக்கத்துல பெரிய மரம் இருந்தா தள்ளிப் போங்க, மரத்தோட வேர் பெரும்பாலும் மேல 2 அடிக்குள்ளதான் பரவியிருக்கும்.

சொட்டு நீர் அமைக்கிறவங்க ட்ரம்ம கொஞ்சம் உயரத்துல வச்சா போதும்னு நினைக்கிறாங்க. 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், கடையில வாங்குற சொட்டுவான்ல (தண்ணிய சொட்டு சொட்டா விடுற சின்ன முனை) நிறைய 1 பார் அளவுக்கு செஞ்சது, அதனால ட்ரம்முக்குப் பக்கத்துல இருக்கிற செடிக்கு தண்ணி ஓடும், கடைசிச் செடி காயும். குழாய சின்னச் சின்ன நீளமா பிரிச்சுப் போடுங்க, குறைஞ்ச அழுத்தத்துல ஓடுற சொட்டுவானா கேட்டு வாங்குங்க, ஃபில்டர் போடாம விடாதீங்க. 200 லிட்டர் ட்ரம் நிறைஞ்சா 200 கிலோ, அந்த ஸ்டாண்ட நாலு செங்கல்ல முட்டு வச்சு நிறுத்துறதெல்லாம் வேண்டவே வேண்டாம், குழந்தைங்க நடமாடுற இடம்.

உரத்தொட்டி இதுல எல்லாத்தையும் விட சுலபம், கட்டத் தயங்குறவங்க இதுல இருந்து ஆரம்பிக்கலாம். நீளம், அகலம், உயரம் மூணும் 3 அடி, பலகைக்கு நடுவுல காத்து போக விரல் சந்து, அடியில தரை வேண்டாம், முன்பக்கப் பலகைய மட்டும் உருவுற மாதிரி வைங்க. கோணலா வந்தாலும் உரம் மக்கும்.

எதக் கட்டியிருந்தாலும் முதல் பெரிய மழைக்கு அப்புறம் குடைய பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து வாங்க, தண்ணி எங்க நிக்குது, எந்தக் கம்பம் சாயுதுன்னு அன்னைக்கு நல்லாத் தெரியும். ஒரு மாசம் கழிச்சு எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவ இறுக்குங்க, மரம் காஞ்சு சுருங்கியிருந்தா இன்னும் கொஞ்சம் உள்ள போகும்.