ஒட்டுவதா, அறிவிப்பதா, வெளியிடுவதா? அறிவிப்பு எழுதுவோருக்கு வினைச்சொல் வழிகாட்டி

அறிவிப்பு எழுதும்போது பெயர்ச்சொல்லில் யாரும் தடுமாறுவதில்லை. வாக்கியம் முடியும் இடத்தில்தான் சிக்கல்.

படி 1: கையில் இருப்பது பொருளா, செய்தியா?

பொருள் என்றால் அதைப் பொருத்தும் விதமே வினையைச் சொல்லிவிடும். போஸ்டரை ஒட்டுவார்கள், பேனரைக் கட்டுவார்கள், பெயர்ப்பலகையை மாட்டுவார்கள், எச்சரிக்கைப் பலகையை நடுவார்கள். எதற்கும் பொருந்துவது ‘வை’: பேனர் வை, போர்டு வை, ஏன், ஸ்டேட்டஸும் வை. ‘அடி’ மட்டும் வேறு வேலை. “போஸ்டர் அடிச்சாச்சா?” என்றால் அச்சாகிவிட்டதா என்று கேட்கிறார்கள், ஒட்டியாயிற்றா என்று அல்ல.

ஒட்டுவது சுவரில். ‘சுவற்றில்’ தவறு. கிணறு கிணற்றில் ஆகும், சுவர் அப்படி ஆகாது.

படி 2: யாருக்கு?

அறிவி என்ற வினைக்கு ‘கு’ உருபு வேண்டும்: மக்களுக்கு அறிவித்தார். ‘மக்களிடம் அறிவித்தார்’ இடறும். தெரிவி இரண்டையும் ஏற்கும்: உறுப்பினர்களுக்குத் தெரிவித்தார், செய்தியாளர்களிடம் தெரிவித்தார். பத்திரிகை விளம்பரத்தில் ஆளைப் பொறுத்து வினை மாறும். காசு கட்டுபவர் விளம்பரம் கொடுக்கிறார், பத்திரிகை வெளியிடுகிறது. ‘போடு’ இருவருக்கும் பொது.

படி 3: தானாக நடக்கிறதா, ஒருவர் செய்கிறாரா?

அதிகம் பேர் வழுக்கும் இடம் இது; நிதானமாகப் படியுங்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

“தேர்வு முடிவுகள் நாளை காலை 10 மணிக்கு வெளியிடும்.”

வெளியிடுவது யார்? முடிவுகளா? எழுத்துப்பிழை திருத்திகள் இதைப் பிடிக்காது. ஒவ்வொரு சொல்லும் தனியே சரியாகத்தானே இருக்கிறது. திருத்த மூன்று வழி உண்டு:

முடிவுகள் வெளியாகும்.
முடிவுகள் வெளியிடப்படும்.
தேர்வுத்துறை முடிவுகளை வெளியிடும்.

நேரம் மட்டும் முக்கியம் என்றால் முதலாவது போதும், இடமும் மிச்சம். யார் பொறுப்பு என்று கேள்வி வரக்கூடிய விஷயத்தில் மூன்றாவதுதான் நேர்மை. அதில் ‘ஐ’ விட்டுப்போனால், அதிலும் சொல்வரிசை மாறி “முடிவுகள் தேர்வுத்துறை வெளியிடும்” என்று வந்தால், பழைய குழப்பமே திரும்பிவிடும்.

இதே இணை மற்ற வினைகளிலும் உண்டு: பிரசுரமாகு / பிரசுரி, வெளிப்படு / வெளிப்படுத்து, அம்பலமாகு / அம்பலப்படுத்து. உங்கள் வாக்கியத்தில் செய்பவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். இல்லையென்றால் இடப்பக்க வினை.

‘படு’ சேர்க்கும்போது இரண்டு பிழைகள் வரும். ‘வெளியிட்டப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். சேர வேண்டியது ‘வெளியிட’ என்ற எச்சம், எனவே வெளியிடப்பட்டது. ‘அறிவிக்கபடுகிறது’ என்றும் காணக்கிடைக்கிறது. அந்த எச்சத்தின் பின் ‘ப்’ மிகும்.

படி 4: உங்கள் அதிகாரம் எவ்வளவு?

உத்தரவு பிறப்பிப்பதும் அரசாணை வெளியிடுவதும் அரசின் வேலை. அவசரநிலையைப் பிரகடனம் செய்வார்கள், ஒப்பந்தப்புள்ளியைக் கோருவார்கள். குடியிருப்போர் சங்கம் மொட்டைமாடி குறித்து ‘உத்தரவு பிறப்பித்தால்’ படிப்பவர்கள் சிரிப்பார்கள். சங்கத்துக்குத் ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ போதும். அதிலுள்ள ‘கொள்’ பணிவைச் சேர்க்கிறது. ‘அறிவிக்கப்படுகிறது’ மேலிருந்து கீழே பேசும் குரல். பணிவாகக் கேட்க வேண்டிய இடத்தில் வேண்டாம்.

இன்னொன்று: பல அறிவிப்புகளுக்கு இந்த வினைகளே தேவையில்லை. “நாளை மாலை 4 மணி வரை தண்ணீர் வராது” என்பதற்குப் பின்னால் ‘என்பதை இதன்மூலம் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால் காகிதம்தான் நிறையும். அந்த வாலை வெட்டிவிடலாம்.

படி 5: முரசு வினைகள்

தம்பட்டம் அடிப்பது தன் பெருமையை. தண்டோரா போடுவது பெரும்பாலும் அடுத்தவர் ரகசியத்தை. பறைசாற்றுவது உயர்வான பொருளுக்கு: “சோழர் ஆட்சிமுறையைப் பறைசாற்றும் கல்வெட்டு.” அம்பலப்படுத்துவது மறைத்துவைத்த தவறை. இவற்றை மாற்றிப் போட்டால் பாராட்டே வசையாகிவிடும். “நிறுவனம் தன் சாதனைகளைத் தம்பட்டம் அடிக்கிறது” என்று விளம்பரத்தில் எழுதிவிடாதீர்கள். 2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். பேச்சில் அந்த வினைக்கு ஓய்வில்லை.

‘அறிக்கை விடு’ என்பதிலும் கவனம் தேவை. ‘தினம் ஓர் அறிக்கை விடுகிறார்’ என்றால் கிண்டல். செய்தியாக எழுத ‘அறிக்கை வெளியிட்டார்’.

பிற்சேர்க்கை: இலங்கைத் தமிழில் ‘அறிவித்தல்’ என்பதே வழக்கு: மரண அறிவித்தல், பொது அறிவித்தல். ‘அறியத்தருகிறோம்’ என்பதும் அங்கே இயல்பான முடிப்பு. அங்கிருந்து வரும் பிரதியைச் சரிபார்ப்பவர்கள் இவற்றைப் பிழை என்று எண்ணி ‘அறிவிப்பு’, ‘தெரிவிக்கிறோம்’ என்று மாற்ற வேண்டாம்.