பழைய மாளிகை வால்பேப்பர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பழைய பிரபு மாளிகைகளில், பூமரமும் பறவைகளுமாக ஓர் அறையையே சுற்றி ஓடும் சீன வால்பேப்பர்கள் உண்டு. பார்த்ததும் அச்சடித்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். 18ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கென்றே சீனாவில் தயாரான இவற்றில் பெரும்பாலானவை கையால் தீட்டியவை. தாளில் தீட்டிய ஓவியம் என்பதை மறந்தால் மற்ற தவறுகள் தானாக வரும்.

ஈரத்துணியால் துடைப்பது அதில் ஒன்று. நீரில் கரையும் பசையில் குழைத்த வண்ணம், அழுக்கோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் நிலக்கரிப் புகை படிந்த வால்பேப்பரை மாவு உருண்டையால் ஒற்றிச் சுத்தம் செய்தார்கள் (பிள்ளைகள் விளையாடும் ப்ளே-டோ அந்த மாவிலிருந்து பிறந்ததுதான்). அந்த வைத்தியமெல்லாம் இங்கே ஆகாது.

சுவர்தானே என்று கை ஊன்றுவதும் தவறு. பல வீடுகளில் தாள் நேரே சுவரில் ஒட்டப்படவில்லை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் ஒட்டியிருப்பார்கள், பின்னால் வெறும் காற்று. அப்புறம், அறை இருட்டாக இருக்கிறதே என்று அங்குள்ள ஊழியரிடம் குறைப்பட வேண்டாம். காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான் வழக்கம். வெளிறிப்போன வண்ணம் திரும்பி வராது.

பழசு, ஃபேஷன் போய்விட்டது என்று கிழித்தெறிந்த வீடுகள் ஏராளம். யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகையில் மட்டும் யாரோ கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். 1769இல் புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞர் சிப்பென்டேல் ஒட்டிக்கொடுத்த சீனத் தாளைப் பின்னாளில் கழற்றினாலும் தூக்கி எறியவில்லை. 1988இல் அது ஒரு வெளிக்கட்டடத்தில் கிடைத்தது, 2008இல் மறுபடி சுவரேறியது.

என்னைக் கேட்டால், கிழித்தெறிவதற்கு நேர் எதிரான ஆர்வம் இன்னும் ஆபத்தானது. பிற்காலத்தில் சேர்ந்ததையெல்லாம் நீக்கி ‘அசலை’ மீட்கிறேன் என்று கிளம்புவது. லீட்ஸ் அருகே டெம்பிள் நியூசம் மாளிகையில் ஒரு சீன வால்பேப்பர் இருக்கிறது. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1806இல் ஹெர்ட்ஃபர்ட் சீமாட்டிக்குக் கொடுத்த பரிசு. சுமார் இருபது ஆண்டு கழித்துத்தான் அந்தச் சீமாட்டி அதை ஒட்டினார். பறவைகள் போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, பறவை ஓவியர் ஆடுபான் வரைந்த அமெரிக்கப் பறவைகள் நூலின் படங்களைக் கத்தரித்து அங்கங்கே ஒட்டிவிட்டார்! அந்த நூலின் முழுப் பிரதி ஒன்று 2010இல் லண்டன் ஏலத்தில் 73 லட்சம் பவுண்டைத் தாண்டி விலைபோனது. சீனக் கிளையில் அமெரிக்கப் பறவை பொருந்தாது என்று அதைப் பிய்த்தால் தாளும் போகும், அந்தச் சீமாட்டியின் கைவேலையும் போகும். இப்போது அந்த அறையைப் பார்க்கப் போவதே அந்தப் பறவைகளுக்காகத்தானே.

கடைசியாக, 19ஆம் நூற்றாண்டுத் தாள் உள்ள வீட்டை வாங்கிச் சீரமைப்பவர்களுக்கு. 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பச்சை வண்ணத்திலும், பிறகு வந்த மரகதப் பச்சையிலும் ஆர்சனிக் உண்டு. பச்சை என்றாலே விஷம் என்றும் இல்லை, மற்ற நிறங்கள் பத்திரம் என்றும் இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்புவதற்கு முன் ஒரு சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சுவரில் ஈரக்கசிவு இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஆர்சனிக் தாளில் பூஞ்சை பிடித்தால் நச்சு வாயுவே கிளம்பலாம்.