பிரிசிஷன் பேஸ் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பையன் தன் பிரிசிஷன் பேஸை, அதாவது ஃபெண்டர் கம்பெனியின் பேஸ் கிட்டாரை, தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கம்பிகள் உடலில் முடியும் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பேனாவால் ஒரு நீள்சதுரம் போட்டிருந்தான். “அண்ணா, இங்க ஜாஸ் பேஸ் பிக்கப் ஒண்ணு வைக்கணும். மரத்தைக் குடைஞ்சு கொடுக்க யாராவது இருக்காங்களா?” என்றான். (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்; ஜாஸ் பேஸ் ஃபெண்டரின் இன்னொரு மாடல்.) எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினாறு வருடத்துக்கு முன்னால் என் பேஸில் நான் போட்டதும் இதே நீள்சதுரம்தான், அதே இடத்தில்.

அவனைப் போல இன்னும் சிலரைப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். சுருதி சேர்க்காமல் வாசிப்பது, மட்டமான கேபிள் வாங்குவது எல்லாம் ஒரே வாரத்தில் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மரத்தைக் குடைவது

எனக்கு அப்போது பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பைத்தியம். அந்த மூக்கால் பாடுவது போன்ற ஒலி என் பேஸில் வரவில்லை. அவருடையது ஜாஸ் பேஸ், அதில் பிரிட்ஜ் பக்கம் ஒரு பிக்கப் இருக்கிறது, என்னுடையதில் இல்லை; அதனால்தான் வரவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். குடைந்து கொடுத்தார்கள். குழியின் ஓரத்தில் பாலிஷ் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

முதல் ரெக்கார்டிங்கிலேயே வினை தெரிந்தது. புது பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் ‘உம்’மென்று ஓர் இரைச்சல். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது, ஆனால் பேஸின் நெஞ்சுப் பகுதியே காணாமல் போய்விட்டது. டிரம்ஸ் வந்ததும் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை.

காரணம் எளிது. லியோ ஃபெண்டர் 1951-இல் இந்த பேஸைக் கொண்டுவந்தபோது அதில் ஒற்றைச் சுருள் பிக்கப்தான் இருந்தது. 1957-இல் அதை இரண்டு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் இரண்டு கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும். இரண்டின் காந்தமும் சுருளும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் தங்கும். பக்கத்தில் ஓர் ஒற்றைச் சுருளை நுழைத்தால் இரைச்சல் திரும்ப உள்ளே வருகிறது. அதோடு, ஒரே கம்பியை இரண்டு இடத்தில் கேட்டுச் சேர்க்கும்போது நடு அலைவரிசைகளில் சில ஒன்றையொன்று தின்றுவிடும். பிரிசிஷன் பேஸின் உயிரே அந்த நடுவில்தான் இருக்கிறது.

இரண்டு பிக்கப் வைத்த நல்ல பேஸ்களே இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒலி வேண்டுமென்றால் அதற்கென்றே செய்ததை வாங்குங்கள். ஜாஸ் பேஸ் 1960-இலிருந்து கிடைக்கிறது.

இன்றைக்கும் என்னை உறுத்துவது வேறு. ஜாக்கோவின் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டே, அதாவது விரல் பலகையின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளே, கிடையாது. விரல் பலகைமேல் எபாக்ஸி பூசியிருந்தார், கம்பி ரவுண்ட்வவுண்ட், அதாவது மேலே உருண்டைக் கம்பி சுற்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலக்கையை பிரிட்ஜ் ஓரத்துக்குக் கொண்டுபோய் வாசித்தார். பிரிட்ஜை நெருங்க நெருங்க மேற்சுரங்கள் தூக்கலாகும். நெக்கை நோக்கி வர வர ஒலி கனக்கும். கையை நான்கு அங்குலம் நகர்த்திப் பார்த்திருந்தால் நான் தேடியதில் பாதி அன்றே கிடைத்திருக்கும், பைசா செலவில்லாமல். பிறகு பழைய பிக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டு குழியை மரத்துண்டால் அடைத்தேன். ஒட்டுத் தெரிகிறது. விற்கப் போனால் முதலில் அங்கேதான் விரலை வைத்துத் தடவிப் பார்க்கிறார்கள்.

அந்தப் பையனை உட்காரவைத்து, ஒரே வரியை மூன்று இடத்தில் வாசிக்கச் சொன்னேன்: நெக் முடியும் இடம், பிக்கப்புக்கு நேர் மேலே, பிரிட்ஜ் ஓரம். மூன்றாவது முறை வாசித்துவிட்டு, என்னைப் பார்த்தான், டேப்பைப் பிய்த்தான்.

தினுசு தெரியாமல் கம்பி மாட்டுவது

“ஜேம்ஸ் ஜேமர்சன் மாதிரி ஒலிக்கணும்” என்று வருபவர்களின் பேஸில் பளபளவென்று புது ரவுண்ட்வவுண்ட் இருக்கும். டெட்ராய்ட்டில் மோடவுன் ரெக்கார்ட் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேமர்சனின் 1962 பிரிசிஷனில் தட்டை நாடா சுற்றிய, வழவழப்பான, தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். அறுந்தால் தவிர அவற்றை அவர் மாற்றியதில்லை. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். அந்த ‘தும்’ என்று விழுந்து சட்டென்று அடங்கும் ஒலி இத்தனையும் சேர்ந்தது.

ஆனால் ஃப்ளாட் என்றாலே மந்தம் என்றும் நினைக்க வேண்டாம். மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் பிரிசிஷன்தான், ஃப்ளாட்தான். விரலால் ஓங்கி அடிப்பார். கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கணீரென்று கேட்கும். ஒரே வகை பேஸ், ஒரே வகை கம்பி, இரண்டு கை.

ஒரு எச்சரிக்கை: ரவுண்டிலிருந்து தடித்த ஃப்ளாட்டுக்கு மாறினால் இழுவிசை மாறும், நெக் வளையலாம். நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் வாசியுங்கள்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒலியைத் தீர்மானிப்பது

டிரம்மருடன் வாசித்துப் பார்க்கும் வரை ஆம்பில் நடு அலைவரிசை நாபைக் குறைக்காதீர்கள்.

டோன் நாபைத் தொடாமலே இருப்பது

திருகுங்கள்.

பிக்கால் வாசிப்பதை மட்டமாக நினைப்பது

பிக் என்ற சின்னத் தகட்டால் இல்லாமல் விரலால் வாசித்தால்தான் பேஸ் என்று யாரோ சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் கரோல் கே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963-இல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தார். அப்புறம் எண்ணற்ற பாடல்களுக்கு பிரிசிஷனில் பிக்காலேயே வாசித்தார். பிரிட்ஜ் அருகே கம்பிகள்மேல் ஒரு ஃபெல்ட் துண்டை வைத்து ஒட்டிவிடுவார். பிக்கின் கூர்மை தொடக்கத்தைத் தெளிவாக்கும், ஃபெல்ட் வாலை வெட்டிவிடும்.

ஃபெல்ட் கிடைக்காவிட்டால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போதும். விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டி, கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் சரி. சுரமே கேட்காமல் ‘டப் டப்’ என்று மட்டும் வந்தால் பாதியாக வெட்டிவிடுங்கள்.