கெண்டைக்கால் சதை கிழிந்தால்: முதல் நாள் கட்டிலிருந்து மறுபடி ஓடும்வரை

ஷட்டில் ஆடுகையில் வலையோரம் விழும் பந்தை எடுக்கப் பாய்கிற நொடியில், யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் கல்லெறிந்தது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் ஆளே இருக்காது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது அதிகம். முழங்கால் நீட்டியபடி எம்பும்போது, கெண்டைக்கால் மேல்தசையின் உள்பக்கத் தலை தசைநாணோடு சேரும் இடத்தில் கிழிகிறது.

முதலில் இது சதைக் கிழிசல்தானா என்று பாருங்கள். குப்புறப் படுத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். இன்னொருவர் கெண்டைக்கால் சதையைப் பிடித்து அமுக்கும்போது பாதம் தானாக, நுனிவிரலில் எம்பும்போது போகும் திசையில், அசைய வேண்டும். அசையாவிட்டால் குதிகாலுக்கு மேலுள்ள நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடியே படாமல் கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, அடிபட்ட கால் நாளுக்கு நாள் கூடுதலாக வீங்கினாலோ, ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதற்கும் மருத்துவர்தான். கூடவே மூச்சு வாங்கினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

முதல் மூன்று நாள் காலை உயர்த்தி வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் அடியிலிருந்து தொடங்கி முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றவும். கீழே சற்று இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ அவிழ்த்துக் கட்டுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். அது வலிக்குத்தான், ஆற்றுவதற்கல்ல. ஐஸ், ஓய்வு என்ற சூத்திரத்தை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் எழுதினார்.

இந்த நாட்களில் நடக்கும் பெரிய தப்பு, எண்ணெய் போட்டு நீவுவது. சுளுக்கு என்று நினைத்து அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. காலை இழுத்து நீட்டிவிடுவதும் வேண்டாம். கிழிந்த துணியின் இரு ஓரத்தையும் பிடித்து இழுப்பதற்குச் சமம். நடக்கும்போது இரு செருப்பிலும் குதிகாலடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் திண்டு வைத்தால் சதைக்கு இழுவை குறையும்.

மூன்றாம் நாளுக்குமேல் படுத்தே கிடந்தால் தழும்பு பலமில்லாமல் ஆறும். புதிய நார்கள் தாறுமாறாகத்தான் உருவாகின்றன. அளவான சுமை விழுந்தால்தான் ஒரே திசையில் அடுக்காகின்றன. அதனால் பாதத்தை மேலும் கீழும் 20 தடவை, நாளுக்கு நாலைந்து முறை அசையுங்கள். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து இரு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் மூன்றுக்குள் இருக்க வேண்டும்; மறுநாள் காலை கூடியிருக்கவும் கூடாது. கூடியிருந்தால் ஒரு படி இறங்குங்கள்.

நொண்டாமல் நடக்க வந்ததும் சுவரைப் பிடித்து நின்று, இரு காலாலும் குதிகால் உயர்த்தல், 15 வீதம் மூன்று சுற்று. அது சுலபமானதும் இரு காலால் ஏறி, அடிபட்ட ஒற்றைக் காலால் மூன்று நொடி எண்ணி மெல்ல இறங்குங்கள். கடைசியாக ஏறுவதும் இறங்குவதும் ஒற்றைக் காலில். முழங்காலை நீட்டிச் செய்தால் மேல்தசைக்கு வேலை, சற்று மடக்கிச் செய்தால் அடியிலுள்ள தசைக்கு. இரண்டும் வேண்டும், பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

லேசான கிழிசல் ஒன்று முதல் மூன்று வாரம், நடுத்தரம் நாலு முதல் எட்டு வாரம், முழுக்க அறுந்தது மூன்று மாதத்துக்கு மேல். ஆனால் காலண்டரை நம்பாதீர்கள். வலி முதலில் போய்விடும், பலம் பின்னால்தான் வரும். இரண்டாம் வாரம் “சரியாகிவிட்டது” என்று மைதானத்தில் இறங்குகிறவர்தான் அதே இடத்தில் மறுபடி கிழித்துக்கொள்கிறார்.

எண்ணிப் பார்ப்பதுதான் சரி. நல்ல காலில் எத்தனை ஒற்றைக்கால் உயர்த்தல் வருகிறதோ, அடிபட்ட காலிலும் கிட்டத்தட்ட அத்தனை வர வேண்டும்; 25 நல்ல இலக்கு. கடைசிச் சிலவற்றில் குதிகால் பாதி உயரத்தோடு நின்றால் அது கணக்கில் சேராது. அரைமணி வேக நடை, ஒற்றைக்காலில் பத்து குதி, இரண்டும் வலியில்லாமல் வந்தபின் ஓட்டம்: ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து, பத்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். பாய்ந்து எடுக்கும் ஷட்டில் அதற்கும் பிறகுதான். ஆடத் தொடங்கியபின்னும் வாரம் இருமுறை குதிகால் உயர்த்தலை விடாதீர்கள். பல் தேய்க்கும் நேரத்திலேயே ஒரு சுற்று முடிந்துவிடும்.