பழைய டிராக்டரில் பி.டி.ஓ. லிவர் விலகினால் செய்யக்கூடாதவை

பி.டி.ஓ. என்பது டிராக்டரின் பின்னால் மாட்டும் கருவிக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் ஷாஃப்ட். அதைச் சேர்க்கும் லிவர் ‘ஆன்’ பக்கம் இருக்கிறது, பின்னால் ஷாஃப்ட் சுற்றவில்லை. உடனே ஒரு பைப்பை மாட்டி லிவரை வளைப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. லிவர் வெறும் கைப்பிடிதான். உள்ளே ஃபோர்க் தள்ளுகிற கப்ளர்தான் பல்லைச் சேர்க்கிறது. ஃபோர்க் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வெளியே வளைத்தால், லிவர் நேராகத் தெரியும். கப்ளரோ 2, 3 மி.மீ. மட்டுமே கடித்திருக்கும். சுமை ஏறியதும் அந்த நுனிப் பற்கள் மழுங்கி, தானாகக் கழன்றுவிடும். அப்புறம் கியர் பாக்ஸைப் பிரிக்கும் வேலை.

முதலில் இன்ஜினை அணையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், கருவியைக் கழற்றுங்கள், பேட்டரி வயரைப் பிரியுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து பி.டி.ஓ. ஷாஃப்டைக் கையால் சுற்றியபடியே லிவரை மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் விடுகிறது என்பது கையிலேயே தெரியும். இரண்டையும் சாக்பீஸால் ஹவுசிங்கில் குறியுங்கள்.

ஃபெர்குசன் டி.இ.20, ஃபோர்டு 8என் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றில் ஹைட்ராலிக் பம்ப் ஓடுவதே பி.டி.ஓ. சேர்ந்திருந்தால்தான். லிஃப்ட் தூக்கவில்லை என்று பம்பைப் பிரிப்பதற்கு முன் லிவரைப் பாருங்கள்.

லிவரைக் கழற்றும் முன் லிவரிலும் அது மாட்டியிருக்கும் சிறிய ஷாஃப்டின் முனையிலும் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி வைக்க மறக்காதீர்கள். அது ஸ்ப்லைன் (சுற்றிலும் பல் வெட்டிய) ஷாஃப்டாக இருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டினாலே கதை மாறிவிடும். 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி, 20 செ.மீ. லிவரின் நுனியில் அது 3.5 செ.மீ.

லிவரை அந்த ஷாஃப்டோடு பிடித்துவைக்கும் பின் (ஆணி போன்ற துண்டு) விஷயத்தில்தான் அதிகம் ஏமாற்றிக்கொள்கிறோம். ரோல் பின் உடைந்த ஓட்டையில் ஆணியோ போல்ட்டோ செருகினால் சில நாள் ஓடும். அது ஆட ஆட ஓட்டை நீள்வட்டமாகிவிடும், லிவர் மறுபடி விலகும். ஓட்டை ஏற்கெனவே நீண்டிருந்தால் ரீமர் (ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டு அடுத்த அளவு பின் அடியுங்கள். டேப்பர் பின் என்றால் சிறிய முனையிலிருந்து தட்டினால்தான் வரும். மாற்றித் தட்டினால் இன்னும் இறுகும். லிவரை ஷாஃப்டோடு வெல்டிங் வைப்பது ரொம்ப மோசம்: ஓ-ரிங் கருகும், அடுத்த முறை சீல் மாற்ற ஷாஃப்டை அறுக்கத்தான் வேண்டும்.

லிவர் இடத்தில் நிற்காமல் நழுவினால் அது விலகல் இல்லை. லிவரை இடத்தில் நிறுத்தும் சின்ன இரும்பு உருண்டையும் (பால்) ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கலாம். அவற்றைக் கழற்றும்போது உருண்டை உள்ளே விழாமல் காந்தத்தால் எடுங்கள்.

மாட்டியதும் கருவி இல்லாமல், ஷாஃப்டின் பாதுகாப்பு மூடி போட்டு, கிளட்சை முழுதாக மிதித்து ஐடிலில் சேர்த்துப் பாருங்கள். அரைபடும் சத்தம் வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு, சாக்பீஸ் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் பி.டி.ஓ. ஷாஃப்ட் 540 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 540 சுற்று) வரும் வரை ஏற்றி, நிறுத்திய பின் லிவர் அடியில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.