மாதிரி ரயிலுக்கு டிசிசி: வயரிங் முதல் ஹார்ன் வரை

ஒலி டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சின்ன சர்க்யூட்) வைத்த முதல் மாதிரி இன்ஜினைத் தண்டவாளத்தில் வைக்கிறீர்கள். டீசல் இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. மேசையின் மறுகோடி வளைவுக்குப் போனதும் ஒலி பட்டென்று அறுந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் முதலிலிருந்து கேட்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம். டிகோடர் பழுது என்று நினைத்துக் கழற்றத் தோன்றும். கழற்றாதீர்கள். இப்படி வரும் கோளாறு பெரும்பாலும் மேசைக்கு அடியில்தான் இருக்கும். அதனால், மாதிரி ரயிலை டிஜிட்டல் கட்டளைகளால் ஓட்டும் டிசிசி முறைக்கான இந்தச் செய்முறையையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையில், எச்ஓ அளவில் (1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.) ஒரு நீள்வட்டம், இரண்டு பாயின்ட் (பாதை பிரியும் இடம்), ஒரு கிளைப் பாதை. இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில், தண்டவாளத்தில் என்ன ஓடுகிறது?

பழைய டிசி முறையில் தண்டவாளத்துக்குப் போகும் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைத்தால் வேகம் மாறும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். எச்ஓவுக்குச் சுமார் 14, 15 வோல்ட். அதன் துருவம் மட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது ‘1’. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் ‘0’. டிகோடர் இந்த மாற்றங்களைப் படித்துத் தனக்கு வந்த கட்டளையா என்று பார்க்கிறது. மோட்டாருக்கும் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் வேண்டிய மின்சாரத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உணவும் கடிதமும் ஒரே வழியாக வருகின்றன. பாதை ஓரிடத்தில் நைந்திருந்தால் இரண்டும் கெடும்.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்காவின் மாதிரி ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் பொதுத் தரமாக்கியது. ஒரு நிறுவனத்தின் கன்ட்ரோலரில் வேறொரு நிறுவனத்தின் டிகோடரை ஓட்ட முடிவது அதனால்தான். கையில் காசு குறைவென்றால் ஆர்டினோ மெகா போர்டும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, டிசிசி-ஈஎக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளை ஏற்றலாம். வைஃபையும் சேர்த்துவிட்டால் ஆண்ட்ராய்டு போனே கன்ட்ரோலர் ஆகிவிடும். இந்த அளவு லேஅவுட்டுக்கு அது தாராளம்.

படி 1: பஸ் வயர்

பலகைக்கு அடியில், தண்டவாளம் போகும் வழியிலேயே இரண்டு தடித்த வயர் ஓட வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்குக் கொடுக்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள் தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள்.

இவ்வளவு தடிமன் எதற்கு? தண்டவாளம் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவை. செம்பைவிட மிக மோசமான கடத்தி. போதாக்குறைக்குத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்கள் நாளாக நாளாகத் தளர்ந்து, உள்ளே கறுத்துப்போகும். 1.5 சதுர மி.மீ. செம்பிலோ, போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று வைத்தாலும் 3 ஆம்பியருக்கு அரை வோல்ட்கூட இழக்க மாட்டோம்.

படி 2: ஃபீடர்

பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் மெல்லிய வயர்தான் ஃபீடர். ஜாயினரை நம்பாமல் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி கொடுங்கள். வேலை அதிகம்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் வையுங்கள். சக்கரத்தின் விளிம்பு உள்பக்கத்தில் உரசும். முதலில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துளி ரோசின் ஃப்ளக்ஸ் தடவி, தண்டவாளத்துக்கும் வயர் நுனிக்கும் தனித்தனியே ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து, நன்றாகச் சூடான அயர்னை இரண்டே நொடி வைத்து எடுங்கள். சூடு குறைந்த அயர்னை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இருபுறமும் ஈரத்துணி வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

பழைய டிசி செட்டின் பவர் இணைப்புத் துண்டு இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். சிலவற்றின் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது டிசிசி சிக்னலைச் சிதைக்கும்.

பாதை சுழன்று தன்னிடமே திரும்பி வரும் ‘லூப்’ போட்டால் சிவப்பும் கறுப்பும் மோதும். அந்தப் பகுதியை இரு முனையிலும் தனிமைப்படுத்தி துருவத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரிவர்சர் வைக்க வேண்டும். நம் நீள்வட்டத்துக்கு அது தேவையில்லை.

படி 3: நாணயச் சோதனை

இன்ஜின் எதுவும் இல்லாமல் பவரைப் போட்டு, ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். கன்ட்ரோலர் உடனே ஷார்ட் என்று உணர்ந்து பவரை நிறுத்த வேண்டும். ஒரு முழத்துக்கு ஒரு இடம் என்று முழுச் சுற்றும் பாருங்கள். எங்காவது நிறுத்தாவிட்டால் அங்கே வயரிங் பலவீனம். ரயில் தடம்புரளும் நாளில் அதே இடத்தில் கன்ட்ரோலரின் முழு ஆம்பியரும் சக்கரம் வழியே நிற்காமல் பாயும், பிளாஸ்டிக் உருகும். இந்தச் சோதனையில் தேறாமல் டிகோடர் பக்கம் போகாதீர்கள்.

படி 4: டிகோடர்

‘டிசிசி ரெடி’ இன்ஜினில் 8 பின் அல்லது 21 பின் சாக்கெட் இருக்கும், செருகினால் போதும். நேரடியாக வயர் கொடுப்பதென்றால் நிறங்கள் இவை: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது நேர்முனை. பழைய இன்ஜினில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் பீப் வந்தால், அதைப் பிரிக்கும்வரை டிகோடரைக் கொடுக்காதீர்கள். எரிந்துவிடும்.

படி 5: முகவரி

கன்ட்ரோலர் இன்ஜினை அழைக்கும் எண்தான் முகவரி. புது டிகோடர் 3 என்ற முகவரியோடு வரும். இன்ஜினைத் தனியாக, டிகோடரில் எண் எழுதுவதற்கான புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து மாற்றுங்கள். ஒரு மாலை நான் அவசரத்தில் புரோகிராமிங் வயர் இரண்டையும் பிரதான பாதையில் கொடுத்துவிட்டேன். அங்கே நின்ற நான்கு இன்ஜினும் ஒரே எண்ணுக்கு மாறிவிட்டன.

நான்கு இலக்க எண் வேண்டுமென்றால் கணக்கு எளிது. 4501ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 149. ஈவோடு 192ஐக் கூட்டி சிவி 17இல் 209, சிவி 18இல் 149 (சிவி என்பது டிகோடர் தன் அமைப்புகளை வைத்திருக்கும் எண்ணிட்ட இடம்). பிறகு நீள முகவரி என்று சொல்ல, சிவி 29இல் 6க்குப் பதில் 38. இன்று பல கன்ட்ரோலர்கள் இதைத் தாமே செய்துவிடும். எண்கள் குழம்பிப்போனால் சிவி 8இல் 8 எழுதுங்கள். பெரும்பாலான டிகோடர்கள் பழைய நிலைக்குத் திரும்பும்.

படி 6: ஒலி

ஸ்பீக்கரின் ஓம் அளவை டிகோடர் கையேட்டோடு ஒப்பிடுங்கள். 8 ஓம் கேட்பதில் 4 ஓம் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். அதைவிட முக்கியம் ஸ்பீக்கர் கூடு. ஸ்பீக்கரின் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிராகக் காற்றைத் தள்ளுகின்றன. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்து, கொசு பறப்பது போலக் கேட்கும். பின்பக்கத்தைச் சின்னப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். கட்டைவிரல் நகமளவு ஸ்பீக்கரிலிருந்து இவ்வளவு கனமான சத்தமா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

அடுத்து மொத்த ஒலியளவைப் பாதிக்குக் குறையுங்கள். ஈஎஸ்யூ டிகோடரில் அது சிவி 63, சவுண்ட்ட்ராக்ஸ் சுனாமி 2இல் சிவி 128. அறை சிறியது, இன்ஜினும் சிறியது. தள்ளி நின்று கேட்கும் தூரத்துக்கு ஏற்ற சத்தம்தான் காதுக்கு உண்மையாக இருக்கும். சிவி 3, சிவி 4 இரண்டையும் உயர்த்தினால் இன்ஜின் மெதுவாக வேகம் பிடித்து மெதுவாக நிற்கும். உறுமல் முதலில் ஏற, ரயில் பிறகு நகரும். நீராவி இன்ஜினென்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற பொதுவாக நான்கு ‘சஃப்’ கேட்க வேண்டும். சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்து எண்ணிச் சரிசெய்யுங்கள்.

படி 7: ஊர்ந்து பார்த்தல்

தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, இன்ஜினை மிகக் குறைந்த வேகமான வேகப்படி 1இல் விடுங்கள். ஓடும் வேகத்தில் தெரியாத பள்ளம் ஊரும்போது தெரியும். ஒலி அறுந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டே போங்கள். டேப் ஒட்டிய துண்டுக்கு இன்னொரு ஃபீடர், பாயின்ட்டின் நடுவிலென்றால் அதன் ஃபிராகுக்கு (தண்டவாளங்கள் குறுக்கே சேரும் துண்டு) மின்சாரம். மின்சாரம் கணநேரம் அறுந்தால் டிகோடரைத் தாங்கும், கெப்பாசிட்டர் வைத்த ‘கீப் அலைவ்’ இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு போடுவது.

டேப் எல்லாம் உரிந்ததும் லெவல் கிராசிங்குக்கு முன்னால் ஹார்ன் பொத்தானை அழுத்துங்கள். அமெரிக்க இன்ஜினென்றால் இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். கடைசி நீளத்தை இன்ஜின் கிராசிங்கைத் தொடும்வரை விடக்கூடாது.