அறுவை மருத்துவராக விரும்புவோர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

நீட் மதிப்பெண் வந்ததும், கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. அறுவை சிகிச்சைத் துறைதான் இலக்கு என்றால், கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் பயிற்சி 1 ஆண்டு, எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை 3 ஆண்டு. அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி, இதய அறுவை போன்ற தனித்துறை வேண்டுமானால் எம்.சிஎச். இன்னும் 3 ஆண்டு. நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் காலத்தைச் சேர்க்காமலேயே பதினொன்றரை ஆண்டு ஆகிவிடுகிறது.

எம்.எஸ். இடத்தைத் தீர்மானிப்பது நீட் பி.ஜி. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் தரவரிசை, எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனித் தேர்வு. எம்.பி.பி.எஸ். கல்லூரியின் புகழுக்கு இவற்றில் மதிப்பெண் கிடையாது. ஆகவே, சென்னையில் தனியார் கல்லூரியா, தொலைவிலுள்ள மாவட்ட அரசுக் கல்லூரியா என்ற தயக்கம் வந்தால், பின்னதையே எடுக்கச் சொல்வேன். மிச்சமாகும் பணம் மேற்படிப்பின்போது தேவைப்படலாம்.

ஆனால் அரசுக் கல்லூரி என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டியதில்லை. வேலைநாளில் காலை ஒன்பது மணிக்குப் போய், அறுவைப் பிரிவு ஓ.பி. வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பிறகு ஹவுஸ் சர்ஜன் ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடித்து, இதுவரை எத்தனை தையல் போட்டீர்கள் என்று கேளுங்கள். பொது அறுவைப் பிரிவில் அவருக்குக் கிடைப்பது 6 வாரம்தான். பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்கள் நிறைந்த பெரிய மருத்துவமனையில் அந்த 6 வாரமும் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கிவருவதிலேயே கழிந்துவிடக்கூடும். பி.ஜி. குறைவான இடத்தில், நள்ளிரவில் பைக்கிலிருந்து விழுந்து தலை பிளந்து வந்தவருக்கு மரப்பு ஊசி போட்டு, தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரை ஹவுஸ் சர்ஜன் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் நின்று திருத்துவார்கள். தமிழ்நாட்டில் 2022இல் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளைப் பற்றி விசாரிக்கும்போது, அப்படிப் பக்கத்தில் நிற்பதற்குப் போதிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக் கல்லூரியை இந்த இலக்குக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்தபின் தகுதித் தேர்வு, மீண்டும் இங்கே பயிற்சி என்று காலம் நீள்கிறது. நோயாளி பேசும் மொழி புரியாமல் வயிற்றுவலியை விசாரிக்கக் கற்பது எளிதன்று.

மேற்படிப்பில், தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. பட்டத்தையும் எம்.எஸ்.ஸுக்கு இணையாகவே கருதலாம். எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், மகப்பேறு ஆகியவையும் கத்தி பிடிக்கும் துறைகளே, எம்.சிஎச். இல்லாமலேயே அவற்றில் முழு நிபுணராகலாம். தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு இருப்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்து, அந்த ஒதுக்கீட்டில் படிப்பதும் நல்ல வழி. எந்த இடமானாலும், இறுதியாண்டு பி.ஜி. ஒருவர் தம் அறுவைகளைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, குடலிறக்க அறுவைகளில் அவர் உதவிக்கு நின்றவை எத்தனை, தம் கையால் செய்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.